‘கிரைட்டீரியா’ ஒன்றா, பலவா?

கேள்வி: பயிற்சித் திட்டங்களுக்கு ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அறிக்கை, அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு முறை ‘கிரைட்டீரியாஸ்’ என்று எழுதினேன். மேலாளர் கடைசி ‘எஸ்’ஸை அடித்துவிட்டார். அடுத்த அறிக்கையில் ‘திஸ் கிரைட்டீரியா இஸ்’ என்று எழுதினேன். அதையும் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்தில் உட்காரும் நண்பரோ, ‘டேட்டா இஸ் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், இது மட்டும் ஏன் கூடாது?’ என்று கேட்கிறார். ‘கிரைட்டீரியன்’ என்று எழுதினால் பண்டிதத்தனமாகத் தெரியாதா? இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன, எந்த வடிவத்தை எங்கே போடுவது? கேட்பது ஒரே ஒரு தகுதி என்றால் தலைப்பில் என்ன எழுத வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேலாளர் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். ஆனால் காரணம் சொல்லாமல் சுழித்து அனுப்பினால் யாருக்கும் விளங்காது. ஆங்கில ஆவணங்களைத் திருத்துவது என் தொழில். அடிக்கடி என் கைக்கு வரும் பிழைகளில் இதுவும் ஒன்று. எழுதியவர் பெரும்பாலும் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவராகவே இருப்பார். அதனால் உங்கள் ஆங்கிலம் மோசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நேரடி விடை. ஒன்று என்றால் கிரைட்டீரியன், ஒன்றுக்கு மேல் என்றால் கிரைட்டீரியா. ‘கிரைட்டீரியா’ ஏற்கெனவே பன்மை என்பதால் அதற்கு மேல் ‘எஸ்’ சேர்க்க இடமில்லை. பன்மை என்பதால்தான் முன்னால் ‘திஸ்’ஸும் பின்னால் ‘இஸ்’ஸும் ஒட்டாது. ‘தீஸ் கிரைட்டீரியா ஆர்’ என்றுதான் வர வேண்டும்.

இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கிரேக்கத்தில் ‘கிரிட்டேஸ்’ என்றால் நடுவர், தீர்ப்புச் சொல்பவர். அந்த நடுவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறாரோ அது ‘கிரிட்டேரியோன்’. ‘கிரிட்டிக்’, ‘கிரைசிஸ்’ என்ற சொற்களும் இந்த வேரிலிருந்து வந்தவைதான். பிரித்துப் பார்ப்பது, முடிவு செய்வது என்பதே வேரின் பொருள். கிரேக்கத்தில் ‘ஓன்’ என்று முடியும் ஒரு வகைப் பெயர்ச்சொற்கள் பன்மையில் ‘ஆ’ என்று முடியும். ஆங்கிலம் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் பன்மையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இதனால் வந்த வினை என்னவென்றால், ‘எஸ்’ஸைக் கேட்டால்தான் பன்மை என்று பழகிய காதுக்கு ‘கிரைட்டீரியா’ பன்மையாகவே படுவதில்லை. மலேரியா, இன்சோம்னியா, ஏரியா, ஐடியா என்று ‘யா’வில் முடியும் ஒருமைச் சொற்கள் ஏராளம். அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிடுகிறோம்.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் அஃறிணைக்குப் பன்மை போடுவது கட்டாயமில்லை. ‘பத்து மரம் விழுந்தது’ என்கிறோம், ‘நாலு காரணம் இருக்கு’ என்கிறோம். எண்ணைச் சொன்ன பிறகு பெயரும் வினையும் ஒருமையில் நின்றாலும் நமக்கு உறுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது ‘த்ரீ கிரைட்டீரியா இஸ்’ என்று விழுந்துவிடுகிறது. தாய்மொழியின் போக்கு எழுத்தில் எட்டிப்பார்ப்பது இயல்புதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே சமயம் அலுவலக ஆவணத்தில் அதை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

ஏன் விடக்கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலக்கணச் சுத்தத்துக்காக மட்டும் நான் இதைத் திருத்துவதில்லை. இந்தச் சொல்லில் ஒருமைக்கும் பன்மைக்கும் உண்மையான வேலை இருக்கிறது. தேர்வு, தகுதி, நோய் கண்டறிதல், பரிசு என்று யாரையாவது அல்லது எதையாவது உள்ளே சேர்க்கவும் வெளியே நிறுத்தவும் முடிவெடுக்கும் இடங்களில்தான் இது புழங்குகிறது. அங்கே படிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, தன்னை எத்தனை விஷயங்களை வைத்து எடைபோடப் போகிறார்கள் என்பதைத்தான். ஒன்றா, பலவா? அந்தத் தகவலைச் சொல்லின் வடிவமே கொடுத்துவிடுகிறது. வடிவம் தவறினால் தகவலும் மங்கிவிடும்.

மருத்துவத்திலிருந்து ஓர் உதாரணம். ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1944இல் ஒரு முறையை வகுத்தார். பின்னால் பல முறை திருத்தப்பட்டாலும் இன்றும் அது ‘ஜோன்ஸ் கிரைட்டீரியா’ என்றே வழங்குகிறது. இதயம் பாதிக்கப்படுவது, பல மூட்டுகளில் அழற்சி, கட்டுப்பாடின்றி உடல் அசைவது போன்றவை பெரிய அடையாளங்கள். காய்ச்சல், மூட்டுவலி, ரத்தப் பரிசோதனையில் தெரியும் சில மாற்றங்கள் போன்றவை சிறிய அடையாளங்கள். முன்னதாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியதற்கு ஆதாரம் வேண்டும். அதோடு, நோய் முதல் முறை வரும்போது, ‘டூ மேஜர் கிரைட்டீரியா’ இருக்க வேண்டும், அல்லது ‘ஒன் மேஜர் கிரைட்டீரியன் அண்ட் டூ மைனர் கிரைட்டீரியா’ இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்குள் சொல் எப்படி மாறி மாறி வருகிறது பாருங்கள். இரண்டு என்ற இடத்தில் கிரைட்டீரியா, ஒன்று என்ற இடத்தில் கிரைட்டீரியன், மறுபடி இரண்டு என்றதும் கிரைட்டீரியா. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒரு குழந்தைக்கு அந்த நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவாகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ‘கிரைட்டீரியன்’ என்று எழுதுவதைப் பண்டிதத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலும் இதற்கு நல்ல பாடம். ஓர் இடம் அதில் சேர வேண்டுமென்றால், உலகத்துக்கே பொதுவான சிறப்பு மதிப்பு அதற்கு இருக்க வேண்டும். பத்து கிரைட்டீரியாவில் குறைந்தது ஒன்றையாவது அது நிறைவு செய்ய வேண்டும். முதல் ஆறும் பண்பாடு சார்ந்தவை, மற்ற நான்கும் இயற்கை சார்ந்தவை. 2007இல் பட்டியலில் சேர்ந்த சிட்னி ஆப்பரா ஹவுஸ் முதலாவது கிரைட்டீரியன் ஒன்றை மட்டும் வைத்தே இடம்பிடித்தது. மனிதப் படைப்பாற்றலின் உச்சம் என்பதுதான் அந்த ஒன்று. வெனிஸ் நகரமோ பண்பாட்டுக்கான ஆறு கிரைட்டீரியாவையும் நிறைவு செய்து உள்ளே வந்தது. சிட்னிக்கு ஒருமை, வெனிஸுக்குப் பன்மை. இரண்டையும் ‘கிரைட்டீரியா’ என்றே எழுதினால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

சரி, பொருளுக்கு வருவோம். அளவுகோல் என்று தமிழில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் அறிவிப்புகளில் குழப்பம் தருகிறது. எதை வைத்து மதிப்பிடுகிறோமோ அது கிரைட்டீரியன். எவ்வளவு இருந்தால் போதும் என்பது நிபந்தனை, ஆங்கிலத்தில் ரிக்வயர்மென்ட் அல்லது கண்டிஷன். முன் அனுபவத்தைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள் என்றால் ‘அனுபவம்’ என்பது கிரைட்டீரியன். ‘மூன்று ஆண்டு அனுபவம் கட்டாயம்’ என்பது ரிக்வயர்மென்ட். புழக்கத்தில் இந்தக் கோடு அழிந்து, ‘எலிஜிபிலிட்டி கிரைட்டீரியா’ என்ற தலைப்பின் கீழ் நிபந்தனைகளையே வரிசையாகப் போடுகிறார்கள். அது இப்போது நிலைபெற்ற வழக்கு, நான் அதைத் திருத்துவதில்லை. ஆனால் ‘ஃபேக்டர்’ வேறு. முடிவைப் பாதிக்கிற எதுவும் ஃபேக்டர்தான், அது தற்செயலாகக்கூட இருக்கலாம். கிரைட்டீரியன் என்பது நாம் முன்கூட்டியே யோசித்து, இதை வைத்துத்தான் பார்க்கப்போகிறோம் என்று நிர்ணயித்தது. மழையால் பாதிப் பேர் நேர்காணலுக்கு வரவில்லை என்றால் மழை ஒரு ஃபேக்டர். அதை யாரும் கிரைட்டீரியன் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது உங்கள் நண்பரின் கேள்வி. நியாயமான கேள்விதான். ‘டேட்டா’வும் பன்மையாக வந்த சொல்தான். லத்தீனில் ‘டேட்டம்’ ஒருமை, ‘டேட்டா’ பன்மை. ‘அஜெண்டா’வும் அப்படியே, செய்ய வேண்டியவை என்று பொருள். ‘ஸ்டாமினா’வும் லத்தீனில் பன்மைதான். இன்று ‘அஜெண்டா ஆர்’ என்று எழுதினால் படிப்பவர்தான் குழம்புவார். ‘டேட்டா இஸ்’ பொது எழுத்தில் முழுக்க ஏற்கப்பட்டுவிட்டது. ‘டேட்டா ஆர்’ என்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அறிவியல் இதழ்கள்தான். அப்படியென்றால் கிரைட்டீரியாவும் அதே வழியில் போகலாமே?

போகலாம், போனாலும் போகும். மெரியம் வெப்ஸ்டர் அகராதி, கிரைட்டீரியாவை ஒருமையாக எழுதும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது, பெருகியும் வருகிறது என்று குறித்திருக்கிறது. ஆனால் அஜெண்டா அளவுக்கு அது கேள்வியில்லாத ஏற்பைப் பெறுமா என்பதைக் காலத்தின் கையில் விட்டுவிடுகிறது. என் கருத்து என்னவென்றால், டேட்டாவும் கிரைட்டீரியாவும் ஒரே மாதிரிப் பண்டங்கள் அல்ல. டேட்டாவை நாம் எண்ணுவதில்லை, தண்ணீரைப் போல மொத்தமாக அளக்கிறோம். ‘ஹவ் மச் டேட்டா’ என்று கேட்கிறோம், ‘ஒன் டேட்டம், டூ டேட்டா’ என்று யாரும் எண்ணுவதில்லை. கிரைட்டீரியாவையோ எப்போதும் எண்ணுகிறோம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, எதில் தேறினார், எதில் தவறினார் என்று பார்க்கிறோம். ‘ஹவ் மச் கிரைட்டீரியா’ என்று கேட்கவே வாய் வராது, ‘ஹவ் மெனி’ என்றுதான் வரும். எண்ணிப் பார்க்கும் பொருளுக்கு ஒருமையும் பன்மையும் தனித்தனியாக வேண்டும். அதனால்தான் டேட்டாவுக்குக் கொடுக்கும் சலுகையை இதற்கு நான் கொடுப்பதில்லை.

பல அளவுகோல்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகச் சொல்ல வேண்டிய இடமும் வரும். பலர் ‘திஸ் கிரைட்டீரியா’ என்று எழுதும்போது மனதில் இருப்பது அந்தத் தொகுப்புதான் என்று நினைக்கிறேன். அங்கே ‘திஸ் செட் ஆஃப் கிரைட்டீரியா இஸ்’ என்று எழுதிவிடுங்கள். ‘செட்’ ஒருமை, அதனால் ‘இஸ்’ பொருந்தும்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மூன்று வரிகளையும் பார்த்தேன். ‘தி மெயின் கிரைட்டீரியா ஃபார் செலக்‌ஷன் இஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது முதல் வரி. சொல்வது அனுபவம் ஒன்றை மட்டும்தான். எனவே ‘தி மெயின் கிரைட்டீரியன்’ என்று மாற்றினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். அனுபவத்தோடு படிப்பையும் சேர்ப்பதாக இருந்தால் ‘தி மெயின் கிரைட்டீரியா ஆர்’ என்று தொடங்கி இரண்டையும் சொல்லுங்கள். இரண்டாவது வரி ‘ஒன் ஆஃப் தி கிரைட்டீரியா ஆர் ஏஜ்’. இங்கே கிரைட்டீரியா சரி, பலவற்றில் ஒன்று என்கிறோம் அல்லவா? ஆனால் வினை அந்த ‘ஒன்’னுக்கு உரியது, எனவே ‘இஸ்’. இப்போதுதான் பன்மை என்று கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பலரும் இந்த இடத்தில் ‘ஆர்’ போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வரி ‘ஈச் கிரைட்டீரியா வில் பி ஸ்கோர்ட்’. ‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சொற்கள். அவற்றுக்குப் பின்னால் ஒருமைதான் வரும்: ‘ஈச் கிரைட்டீரியன்’. ‘தி ஒன்லி’, ‘தி சோல்’, ‘எ சிங்கிள்’ வந்தாலும் அப்படியே.

எத்தனை என்று தெரியாமலே கேட்க வேண்டியிருந்தால்? ‘வாட் ஆர் தி கிரைட்டீரியா?’ என்று பன்மையில் கேளுங்கள். எதிரில் இருப்பவர் ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னாலும் உங்கள் கேள்வி தவறாகாது.

இந்தச் சொல்லோடு சேரும் சொற்களையும் கவனியுங்கள், இங்கேயும் வழுக்கும் இடங்கள் உண்டு. விண்ணப்பதாரர் கிரைட்டீரியாவை ‘மீட்’ செய்வார், ‘சாட்டிஸ்ஃபை’ செய்வார், ‘ஃபுல்ஃபில்’ செய்வார். ‘ஃபில்’ செய்ய மாட்டார், படிவத்தைத்தான் ஃபில் செய்வோம். நிறுவனம் கிரைட்டீரியாவை ‘செட்’ செய்யும், ‘அப்ளை’ செய்யும். விண்ணப்பத்தைக் கிரைட்டீரியாவோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறோம் என்றால் ‘அசெஸ்ட் அகெய்ன்ஸ்ட் தி கிரைட்டீரியா’ என்று எழுதுங்கள். எதற்கான அளவுகோல் என்று சொல்ல ‘ஃபார்’ போடுவது நல்லது. ‘கிரைட்டீரியா டு செலக்ட்’ என்பதைவிட ‘கிரைட்டீரியா ஃபார் செலக்டிங்’ ஆங்கிலத்தில் இயல்பாக ஓடும்.

இன்னொரு சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போது பெரும்பாலும் ஒருமை வடிவம் வரும். பயிற்சித் துறையில் இருப்பதால் ‘கிரைட்டீரியன் ரெஃபரன்ஸ்ட் டெஸ்ட்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவரை மற்றவர்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தாமல், முன்பே வரையறுத்த ஒரு நிலையை அவர் எட்டினாரா என்று மட்டும் பார்க்கும் தேர்வு அது. ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963இல் இந்த வேறுபாட்டை முன்வைத்தார். இதைக் ‘கிரைட்டீரியா ரெஃபரன்ஸ்ட்’ என்று எழுதிய அறிக்கைகள் வரும்போது நான் திருத்திவிடுகிறேன். ஆனால் ‘மல்ட்டி கிரைட்டீரியா டெசிஷன்’ என்ற வழக்கில் பன்மைதான் நிலைத்துவிட்டது, அதை மாற்றப் போகாதீர்கள்.

‘கிரைட்டீரியன்’ பண்டிதத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். அரிதாகக் காதில் விழுவதால்தான் அப்படித் தோன்றுகிறது. அளவுகோல்கள் பொதுவாகக் கூட்டமாகவே வருவதால் பன்மையை நூறு முறை கேட்கிறோம், ஒருமையை எப்போதாவதுதான் கேட்கிறோம். நாலு அறிக்கையில் எழுதிவிட்டால் உங்களுக்கும் பழகிவிடும், படிப்பவருக்கும் பழகிவிடும். சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும், அதாவது ‘டீ’யில்: கிரை-டீ-ரியன். பேச்சில் அப்போதும் கூச்சமாக இருந்தால் ‘டெஸ்ட்’, ‘ஸ்டாண்டர்ட்’, ‘யார்ட்ஸ்டிக்’ என்று எளிய சொல் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். ‘அவர் ஒன்லி டெஸ்ட் இஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் அதுவும் நல்ல ஆங்கிலம்தான்.

அகராதியில் ‘கிரைட்டீரியன்ஸ்’ என்ற பன்மையையும் பார்க்கலாம். பிழை இல்லை, ஆனால் அலுவலக எழுத்தில் அதைப் போட்டால் உங்கள் மேலாளர் மூன்றாவது முறையும் சுழிப்பார். விட்டுவிடுங்கள்.

இதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் ‘ஃபெனாமினன்’. பன்மை ‘ஃபெனாமினா’. ‘திஸ் ஃபெனாமினா இஸ்’ என்று எழுதுவது உங்கள் பிழையின் இரட்டைப் பிறவி. அதற்காக ‘ஆன்’ என்று முடிவதை எல்லாம் இப்படி மாற்றத் தொடங்கிவிடக் கூடாது. ‘எலெக்ட்ரான்’ கிரேக்க வேர் கொண்டதுதான். ஆனாலும் 1891இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி அதை ஓர் அறிவியல் பெயராகச் சூட்டியபோது அது ஆங்கிலச் சொல்லாகவே பிறந்தது. பன்மை ‘எலெக்ட்ரான்ஸ்’. ‘ஆட்டோமேட்டன்’ போன்ற சிலவற்றுக்கு இரண்டு பன்மையும் உண்டு. ஆக, பொது விதி என்று ஒன்றை மனப்பாடம் செய்து பயனில்லை. உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் சொல் எதுவோ அதை மட்டும் உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், தமிழில் பேசும்போது ‘இதுக்கு என்ன கிரைட்டீரியா?’, ‘ஒரே ஒரு கிரைட்டீரியாதான்’ என்று சொல்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடன் வாங்கிய சொல் நம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் நம் இலக்கணப்படிதான் நடக்கும். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. ‘ஸ்பகெட்டி’ இத்தாலியனில் பன்மை, ஆங்கிலத்தில் அதற்குக் கூச்சமில்லாமல் ‘இஸ்’ போடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஆங்கிலத்தின் கணக்கைப் பாருங்கள். நண்பர்கள் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களைத் திருத்தவும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் தலைப்புச் சிக்கல். அச்சிட்டு வைத்த படிவங்களில் ‘எலிஜிபிலிட்டி கிரைட்டீரியா’ என்று இருக்கும், கீழே ஒரே ஒரு வரிதான் இருக்கும். படிக்கும் விண்ணப்பதாரர், மீதி நிபந்தனைகள் அடுத்த பக்கத்தில் விட்டுப்போயிருக்குமோ என்று தேடுவார், அல்லது உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். ‘எலிஜிபிலிட்டி கிரைட்டீரியன்’ என்று போடுவது முற்றிலும் சரி. கண்ணுக்கு உறுத்துகிறது என்றால் தலைப்பில் வெறும் ‘எலிஜிபிலிட்டி’ என்று போட்டு, கீழே முழு வாக்கியமாக ‘தி ஒன்லி கிரைட்டீரியன் இஸ்’ என்று தொடங்கி எழுதுங்கள். நானாக இருந்தால் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். ‘ஒன்லி’ என்ற சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பதாரர் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்.